பனி நாட்டுப் புத்தகமும் வேடந்தாங்கல் கொக்கும்

மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையொன்றில் 80 ரூபாய்க்கு வாங்கிய வழிகாட்டி நூல் ஒன்றுதான் இயற்கை ஒளிப்படக் கலையில் எனக்கு ஆசான். பிலிம் காலத்தில் வெளிவந்த அந்நூலில் கரடியும் பனியும் இலையுதிர்ந்த காடும் நிறைந்திருந்தனவே தவிர, நம் ஊர்ப் பறவை ஒன்றுகூட இல்லை. அதைப் பொருட்படுத்தாமல் அத்தியாயம் அத்தியாயமாகப் படித்து, ஜனவரி மாத ஞாயிறுகளில் வேடந்தாங்கல் ஏரிக்கரையில் பயிற்சி செய்யத் தொடங்கினேன்.

முதலில் என்னைத் திணறடித்தது வெண்மை. கேமராவின் ஒளிமானி, எதிரே இருப்பது எதுவாயினும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கொண்டு அளவிடுகிறது. ஆகவே வெள்ளைப் பொருளைப் படமெடுக்கும்போது எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவை, ஒரு ஸ்டாப்பாவது (ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரு மடங்கு, குறைத்தால் பாதி) கூட்ட வேண்டும் என்று நூல் கூறியது. நீர்க்கடம்பு மரத்தின் கரும்பச்சை நிழலுக்கு முன்னே அமர்ந்திருந்த கொக்கிற்கு அவ்வாறே கூட்டி எடுத்தேன். வீட்டில் கணினியில் பார்த்தபோது இறகின் வரி ஒன்றுகூடத் தெரியவில்லை. வெள்ளைத் தாளைக் கொக்கு வடிவில் கத்தரித்து ஒட்டியது போலிருந்தது. இரண்டு வாரம் புத்தகத்தைத் திட்டிக்கொண்டிருந்த பிறகே, அந்தப் பக்கத்திலிருந்த படத்தை ஊன்றிப் பார்த்தேன். அதில் சட்டகம் முழுவதும் பனி. என் படத்திலோ கொக்கு சிறிதாக ஒரு மூலையில் இருக்க, மற்றதெல்லாம் இருண்ட இலைகள். அந்த இருளைச் சாம்பலாக்க முயன்ற கேமரா ஏற்கெனவே ஒளியை மிகுதியாக உள்ளே விட்டிருந்தது. போதாக்குறைக்கு நானும் கூட்டியிருக்கிறேன். அங்கே ஒரு ஸ்டாப் குறைத்தபோது இறகுகள் தனித்தனியே தெரிந்தன. அதே கொக்கு வெளிறிய வானத்தில் பறக்கும்போது மட்டும் நூல் சொன்னபடி கூட்ட வேண்டியிருந்தது.

காலை மென்னொளியைப் பற்றிய அத்தியாயமும் அந்த நாட்டுச் சூரியனுக்கே எழுதப்பட்டிருந்தது. வட நாடுகளில் குளிர்காலச் சூரியன் அடிவானத்தை ஒட்டிச் சாய்வாக நகர்வதால் அவ்வொளி நெடுநேரம் நிற்கும். நம் வானத்தில் அது ஏறத்தாழச் செங்குத்தாக ஏறுவதால், முக்காலியை நிறுத்தி, லென்ஸைத் துடைத்து, ஃபிளாஸ்க் காப்பியையும் குடித்து முடிப்பதற்குள், கூழைக்கடாவின் அலகுக்கடியில் கடும் நிழல் விழுந்துவிடும்.

ஷட்டர் வேக விஷயத்தில், அதாவது ஒளியை எவ்வளவு நேரம் உள்ளே விடுவது என்பதில் மட்டும் பிழை முழுவதும் என்னுடையது. 400 மி.மீ. லென்ஸுக்கு நொடியில் 400இல் ஒரு பங்கு போதும் என்பது கைநடுக்கத்திற்கான கணக்கு என்று நூல் தெளிவாகவே கூறியிருந்தும், அதைப் பறக்கும் நீர்க்காகத்திற்கும் பொருத்திப் பார்த்து, ஒரு காலை முழுவதும் மங்கலான சிறகுகளைச் சேகரித்தேன்.

இப்போது நூலின் ஓரங்களில் பென்சிலால் எழுதி வைக்கிறேன். பனிப் படத்துக்கு அருகே, “கடம்ப மர நிழலில் கொக்கு: ஒன்று குறைக்க” என்றிருக்கிறது. வெளிர் உடலும் கருஞ்சிறகும் கொண்ட நத்தைகுத்தி நாரைக்கு என்ன எழுதுவதென்று இன்னும் முடிவாகாததால், அதற்குக் கீழே ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன்.