விதைத்தட்டின் மேல் ஒரு பிடி மண்

நாற்றுப் பண்ணையின் விதைப் பிரிவில் நான் பணிக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், ரோடோடென்ட்ரான் என்னும் பூச்செடியின் விதைகளைத் தட்டுகளில் தூவி, வழக்கப்படி அவற்றின் மேல் மெல்லியதாக மண்ணைப் பரப்பினேன். ஐந்து வாரங்கள் கழிந்தும் ஒரு முளைகூடத் தென்படாததால், 'விதை பழுது' என்று பதிவேட்டில் எழுதினேன். கொட்டுவதற்காக ஒதுக்கிவைத்த தட்டுகளில் ஒன்றை எடுத்த மூத்த பணியாளர், அதன் மேல்மண்ணை ஒரு குச்சியால் கீறி, நீர் தெளித்து, கண்ணாடியால் மூடி வெளிச்சத்தில் வைத்தார். மூன்று வாரங்களில், அவர் கீறிய கோடுகளில் மட்டும் பச்சை வரிகள் எழுந்திருந்தன.

தூசி போன்ற அந்த விதைகளுக்குள் சேமித்த உணவு மிகக் குறைவு. ஆழத்தில் முளைத்துவிட்டால், மண்ணைத் துளைத்து வெளிவருவதற்குள் அது தீர்ந்துவிடும். ஆகவே மேலே வெளிச்சம் இருக்கிறதா என்று அறிந்த பின்னரே அவை முளைக்கத் துணிகின்றன. ஹைட்ரேஞ்சியாவின் நுண்ணிய விதைகளையும் அதனால்தான் நாங்கள் மண்ணால் மூடுவதில்லை.

இந்த அறிதல் எப்படி நிகழ்கிறது என்பதற்கு விடை லெட்யூஸ் கீரையின் விதைகளிலிருந்து கிடைத்தது. 1952இல் அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் ஆகியோரும் அவர்களுடைய குழுவினரும், ஊறிய விதைகள் மீது 660 நானோமீட்டரை ஒட்டிய சிவப்பு ஒளியையும், சிவப்புக்கு அப்பால் கண்ணுக்கு மங்கலாகவே தெரியும், 730ஐ ஒட்டிய தூரச்சிவப்பு ஒளியையும் மாற்றி மாற்றிப் பாய்ச்சி, கடைசியாகப் பட்ட ஒளி எதுவோ அதுவே முடிவைத் தீர்மானிக்கிறது என்று காட்டினர்: சிவப்பு முளைக்கவைத்தது, தூரச்சிவப்பு தடுத்தது. அந்த மாற்றத்தை ஏற்கும் நிறமி ஃபைட்டோகுரோம். இலைகள் சிவப்பை உறிஞ்சிக்கொண்டு தூரச்சிவப்பைப் பெரும்பாலும் கீழே விடுவதால், அடர்ந்த புதரின் நிழலில் கிடக்கும் விதை, தலைக்கு மேல் வேறொரு செடி நிற்பதை அந்த ஒளியின் தன்மையிலிருந்தே உணர்கிறது.

வெப்பநிலையை நான் நெடுங்காலம் தனிக் கணக்காகவே வைத்திருந்தேன், அது தவறு. சிவப்பு ஒளி பட்டு உண்டாகும், ஃபைட்டோகுரோமின் செயல்படும் வடிவம் இருளில் மெல்ல மெல்லப் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. வெப்பம் கூடினால் அந்தத் திரும்புதலும் விரைவாகிறது. அதாவது வெளிச்சம் எழுதியதை வெப்பம் அழிக்கிறது. தட்டுகளுக்கு ஒளி கொடுத்துவிட்டோம் என்று நிம்மதியடைந்து, கூடத்தின் சூட்டைக் கவனிக்காமல் விட்ட நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மாறாத வெப்பநிலையை வசதி என்று கருதுவது நம் பழக்கம். விதைகள் பலவற்றுக்கு அது செய்தியே இல்லாத நிலை. பகல் சூடும் இரவுக் குளிரும் மண்ணின் மேற்பரப்பில்தான் பெரிதாக வேறுபடும். ஆழம் செல்லச் செல்ல அந்த வேறுபாடு தேய்ந்துவிடும். பகலில் 25 டிகிரி, இரவில் 15 டிகிரி என்று மாற்றிவைக்கும்போது, திறந்த வெளியில், மேல்மண்ணில் கிடப்பதை அத்தகைய விதை உணர்கிறது.

குளிர் வேண்டும் விதைகள் வேறு வகை. ரோஜா விதைகளை ஈரமான ஊடகத்தில் 4, 5 டிகிரியில் பல வாரங்கள் வைத்திருக்க வேண்டும். உலர்ந்த விதைக்கு அதே குளிர் வெறும் சேமிப்புதான். மரப் பியோனி இன்னும் பொறுமையைக் கேட்கும். அதன் விதை முதலில் மிதமான சூட்டில் வேரை மட்டும் விடும். பின்பு இரண்டு மூன்று மாதக் குளிரைக் கடந்த பிறகே குருத்து மேலே வரும். இடைப்பட்ட காலத்தில் தட்டு வெறும் மண்ணாகவே தோற்றமளிக்கும்.

சென்ற வாரம் அத்தகைய தட்டுகள் ஆறினைக் குளிர் அறைக்கு மாற்றினேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் கண்ணில் படும்படி, ஒவ்வொன்றின் மீதும் பெரிய எழுத்தில் அட்டை கட்டியிருக்கிறேன்: 'வேர் வந்துவிட்டது. கொட்ட வேண்டாம்.'