எந்தக் காலை?

லண்டனில் டொக்டர்மாரிடம் வரும் எங்கள் ஆட்களுக்கு மொழிபெயர்ப்பது என் வேலை. புதிதாகப் பதிய வருபவரின் படிவத்தில் 'உங்கள் இனம் என்ன' என்றொரு கேள்வி இருக்கும். இந்த நாட்டுக் குடிசன மதிப்பீட்டில் அது முதன்முதலாக வந்தது 1991இல். இந்தியர், பாகிஸ்தானியர், வங்காளதேசத்தவர், சீனர் என்று பெட்டிகள் உண்டு. யாழ்ப்பாணத்தாருக்கு 'வேறு ஆசியர்'. புள்ளடி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போவோம்.

அந்தப் பெட்டி வீண் என்று சொல்லமாட்டேன். தெற்காசியருக்கு வெள்ளையரைவிடக் குறைந்த எடையிலேயே சலரோகம் வந்துவிடுகிறது. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்ணான பிஎம்ஐ 25 தாண்டினால் எடை கூட என்பது பொதுக் கணக்கு. எங்களை 23இலேயே கவனிக்க வேண்டும் என்று 2013இல் இங்கே வழிகாட்டல் வந்தது. பார்க்க மெலிந்திருந்த ஓர் அண்ணைக்கு நேரத்தோடு இரத்தம் சோதித்தது அதனால்தான்.

சிக்கல் அதற்குப் பிறகு. "சோற்றைக் குறைக்கச் சொல்லுங்கள்" என்றார் டொக்டர். சொன்னேன்.

"தங்கச்சி, நான் சோறு கண்டு எத்தினை நாள்!"

பெற்றோல் ஸ்டேசனில் இரவு வேலை. பத்து மணிக்கு ஏறினால் விடிய ஏழுக்குத்தான் இறங்கலாம். தனி ஆள், கடையை விட்டு அசைய ஏலாது. அங்கே விற்கிற சான்ட்விச்சும் சொக்லேட்டும்தான் சாப்பாடு, நித்திரையை விரட்ட எனர்ஜி டிரிங். பகலில் படுக்கும் அறையில் இன்னும் இரண்டு பேர்.

டொக்டருக்கு இருப்பது பத்து நிமிடம். எல்லாவற்றையும் இரண்டு மொழியில் சொல்வதால் எங்களுக்கு அது ஐந்து. மெட்ஃபோர்மின் என்ற சலரோகக் குளிசை எழுதினார்: காலையும் இரவும் சாப்பாட்டோடு.

"எந்தக் காலை எண்டு கேளுங்கோ. நான் படுக்கிறதே காலையிலதானே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது; தொழிலுக்கு ஆகாத பழக்கம். சொந்தக் கருத்துச் சேர்க்காமல், சொன்னதைச் சொன்னபடி சொல்ல வேண்டும் என்பது எங்கள் விதி. சொன்னேன். டொக்டர் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார். வேலைக்குப் போகமுன் ஒன்று, வந்து சாப்பிடும்போது ஒன்று என்று மாற்றி எழுதினார்.

எத்தனை பேருக்கு 'காலையும் இரவும்' என்று நான் யோசிக்காமல் மொழிபெயர்த்திருப்பேன்! கெயார் ஹோமில் இரவு நிற்கிற அக்காமார், கிடங்கில் பெட்டி தூக்குகிற பெடியள். ஒருவரும் திருப்பிக் கேட்டதில்லை.

மூன்று மாதத்தில் திரும்பவும் இரத்தம் சோதிக்க வேண்டும். வரவேற்பு மேசையில் காலை 10 மணிக்கு நேரம் கொடுத்தார்கள். அண்ணைக்கு அது நடுச்சாமம்.