மூட்டைக்குள் இருக்கும் தண்ணீர்

மலேசியாவின் தெலுக் இந்தான் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் மெக்னீசியக் குறையைக் கண்டுபிடிப்பது எளிது. முதிர்ந்த மட்டைகளில் வெயில் படும் இலைப்பகுதி மஞ்சளித்திருக்கும். மேல் இலையின் நிழல் விழுந்த இடம் மட்டும் பச்சையாகவே நிற்கும். அந்த மரத்துக்குக் கீசரைட் இடுவதா, எப்சம் உப்பு இடுவதா என்று ஸ்டோர் கிராணிமார் (தோட்டக் கிடங்கு எழுத்தர்கள்) கேட்கும்போதெல்லாம் நான் படிக அமைப்பிலிருந்துதான் தொடங்குவேன். (அதற்குள் நழுவிவிடுகிறவர்களும் உண்டு.)

இரண்டும் மெக்னீசியம் சல்பேட்தான். கீசரைட்டில் ஒரு மெக்னீசியத்துக்கு ஒரு நீர் மூலக்கூறு. எப்சம் உப்பில் ஏழு. எப்சம் உப்பில் ஆறு நீர் மூலக்கூறுகள் மெக்னீசியத்தைச் சுற்றி எண்முகியாக (எட்டு முக வடிவில்) நின்றுகொள்வதால், நான்முக வடிவச் சல்பேட் அதை நேரடியாகத் தொடுவதே இல்லை. ஏழாவது நீர் இடைவெளியில் கிடக்கிறது. எல்லாவற்றையும் பிடித்திருப்பவை வலுக்குறைந்த ஹைட்ரஜன் பிணைப்புகளே. அதனால் அது தண்ணீரில் சட்டெனக் கரைகிறது. அடர்த்தியும் கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.68 கிராம்தான். கீசரைட்டிலோ சல்பேட்டின் ஆக்சிஜன்கள் மெக்னீசியத்துடன் நேராகப் பிணைந்து, முப்பரிமாணச் சட்டகமாக இறுகிவிடுகின்றன. அடர்த்தி 2.57, கரைவதும் மெதுவாக.

ஆகவே நாற்றங்காலில் இலைமேல் தெளிக்க எப்சம் உப்பும், மழை கொட்டும் வயலில் மண்ணில் இடக் கீசரைட்டும் பொருந்தும் என்பது என் கருத்து. விலையையும் பார்க்க வேண்டும்: 50 கிலோ எப்சம் உப்பு மூட்டையில் 25 கிலோவுக்கு மேல் படிக நீர், தூய கீசரைட்டில் அது ஆறரைக் கிலோதான். இரண்டையும் ஒரே பெயரில் விற்கும் கடைக்காரர்கள் மீது எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

கரிச்சதுப்பு மண்ணில் செம்புக் குறைக்கு இடப்படும் மயில்துத்தத்தின் (நீரேறிய செம்பு சல்பேட்) கதை வேறு. அதிலுள்ள ஐந்து நீரில் நான்கு செம்பைச் சதுரமாகச் சூழ, மேலும் கீழும் சற்றுத் தள்ளிச் சல்பேட் ஆக்சிஜன்கள் அமர்கின்றன. ஐந்தாவது நீர் செம்பைத் தொடுவதில்லை. இந்த அமைப்பைப் படிகவியலாளர்கள் பீவர்ஸும் லிப்சனும் 1934இல் எக்ஸ் கதிர் கொண்டு கண்டறிந்தனர். நீலத்துக்குக் காரணமும் அந்த நான்கு நீரே. சூடாக்கினால் நீர் படிப்படியாக வெளியேறி, 200 பாகை செல்சியசைக் கடந்ததும் வெள்ளைத் தூள் மிஞ்சும். நம் ஊர் ஈரக்காற்றில் அதைத் திறந்து வைத்தால், யாரும் தொடாமலே மெல்ல நீலம் ஏறிவிடும்.