பென்சிலுக்கு முன்னால்

மும்பையின் தாராவி, சயான் பகுதிகளிலிருந்து தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் வரும் ஒரு நர்சரியில் நான் ஆசிரியையாக இருக்கிறேன். ஜூன் மாதம் பள்ளி திறந்து, மழை பிடித்துக்கொண்டு, பிள்ளைகள் அழுது ஓய்ந்து ஒருவாறு பழகிவரும் ஆகஸ்டு மாதத்தில் பெற்றோரிடமிருந்து தவறாமல் ஒரு கேள்வி வந்துவிடும்: "டீச்சர், இன்னும் எழுத ஆரம்பிக்கலையா? பக்கத்து வீட்டுப் பாப்பா ஏபிசிடி பூராவும் எழுதுதே!" கேட்பவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கட்டணம் செலுத்துகிறவர் கையில் எடுத்துப் பார்க்கக்கூடியது நோட்டுப் புத்தகம் ஒன்றுதான். அது தெரிந்தே பல நர்சரிகள் ஜூனியர் கேஜியிலேயே பக்கம் பக்கமாக எழுத வைக்கின்றன. ஆனால் அந்த வயதில் நடக்கும் படிப்பில் பெரும்பங்கு நோட்டில் ஏறுவதே இல்லை.

முதலில் கையை எடுத்துக்கொள்வோம். பிறக்கும்போது மணிக்கட்டின் சிறு எலும்புகள் யாவும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. அவை ஒவ்வொன்றாக இறுகி முடிவதற்குப் பல ஆண்டுகள் ஆகின்றன. 3 வயதுப் பிள்ளை கிரேயானை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துத் தோளிலிருந்து கையை வீசிக் கிறுக்கும். பிறகு முழங்கை, அதற்குப் பிறகு மணிக்கட்டு, கடைசியாகத்தான் விரல்கள் தனித்து இயங்கும். பெருவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் சேர்ந்து பென்சிலைப் பிடிக்கும் பிடி பெரும்பாலான பிள்ளைகளுக்கு 5 வயதை ஒட்டித்தான் நிலைப்படுகிறது. அதற்கு முன் நான்கு கோட்டு நோட்டைக் கொடுத்தால், பிள்ளை விரலை நெரித்துக்கொண்டு தப்பான பிடியைப் பழகிவிடுகிறது. பின்னால் அதை மாற்றுவது லேசான காரியமில்லை. சப்பாத்தி மாவு பிசைவது, பச்சைப் பட்டாணி உரிப்பது, ஈரத் துணியைப் பிழிவது, மணி கோப்பது ஆகியவைதான் எழுத்துக்கு முந்திய எழுத்து வேலைகள். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலைப் பரப்பி விரலால் எழுத வைத்தவர்களுக்கு எலும்பு வளரும் கணக்கு தெரிந்திருக்காது, ஆனால் பிள்ளையின் கை தெரிந்திருந்தது. (ஆங்கிலத்தின் b, d போன்ற எழுத்துகளை இடம்வலமாக மாற்றி எழுதுவது 7 வயது வரையிலும்கூடச் சாதாரணம், அதை வைத்து 5 வயதில் கவலைப்படத் தேவையில்லை.)

எண்ணுவதில் இன்னும் பெரிய மயக்கம் இருக்கிறது. தாராவியில் விடியுமுன்னே இட்லி அவித்து ஊரெங்கும் கொண்டுபோய் விற்கும் குடும்பங்கள் பல உண்டு. அப்படி ஒரு வீட்டுப் பையன் ஒன்று முதல் ஐம்பது வரை பாட்டாகப் பாடுவான், அவன் அம்மாவுக்கு அதில் ஏகப் பெருமை. அவனிடம் "நாலு பிஸ்கட் எடுத்துக் கொடு" என்றால் கைநிறைய அள்ளிக் கொடுத்துவிடுவான். எண்களின் வரிசை அவனுக்கு மனப்பாடம். எண்ணி முடிக்கும்போது கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது மட்டும் பிடிபடவில்லை. 3 முதல் 4 வயதுப் பிள்ளைகள் பலரும் இப்படித்தான் இருப்பார்கள்; முதலில் ஒன்றை மட்டும் சரியாக எடுத்துத் தருவார்கள், சில மாதங்கள் கழித்து இரண்டு, பிறகு மூன்று, அதன் பிறகு ஏதோ ஒரு நாளில் முழு விஷயமும் பிடிபட்டுவிடும். நாங்கள் வகுப்பில் ஒரு பழைய இட்லித் தட்டு வைத்திருக்கிறோம். களிமண்ணை உருட்டிக் குழிக்கு ஒன்றாக வைத்துக்கொண்டே வந்த அந்தப் பையன், "டீச்சர், ஒரு குழி காலியா இருக்கு, இன்னொண்ணு வேணும்" என்றான். ஒன்றுக்கு ஒன்று பொருத்துவது, மிச்சத்தைக் கவனிப்பது, இன்னும் எத்தனை தேவை என்று கேட்பது என்று கணக்குக்கு வேண்டிய அஸ்திவாரம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. அன்றைய தினம் அவன் நோட்டில் ஒன்றுமே இல்லை.

மொழி விஷயத்தில்தான் எனக்கு ஆதங்கம் அதிகம். வீட்டில் நெல்லைத் தமிழ், சந்தில் இந்தி, கடைத்தெருவில் மராத்தி, பள்ளியில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளை, "தர்வாஜாவைத் (கதவைத்) தொறங்க, பானி (தண்ணீர்) வேணும்" என்று சொன்னால் குழம்பிப்போய்விட்டது என்று பயப்படுகிறார்கள். இந்திச் சொல்லுக்குத் தமிழ் வேற்றுமை உருபைச் சரியான இடத்தில் ஒட்டத் தெரிந்த பிள்ளை எங்கே குழம்பியிருக்கிறது? சில பள்ளிகளில் "வீட்டிலும் இங்கிலீஷே பேசுங்கள்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். ஆங்கிலம் சரளமாக வராத தாய் அதைக் கேட்டு நடந்தால், கம், சிட், ஈட் என்ற உத்தரவுகளைத் தவிர வேறு பேச்சே பிள்ளைக்குக் கிடைக்காது. பாட்டி கதை சொல்லும்போது வரும் 'அதனால', 'அப்படியிருந்தும்', 'அதுக்கு முன்னாடி' எல்லாம் சிந்தனையின் மூட்டுகள். ஒரு மொழியில் நடந்ததை வரிசையாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு இன்னொரு மொழியிலும் அதைச் செய்வது எளிது.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று சொல்பவர்கள், பக்கத்திலேயே பால்கர் மாவட்டத்தில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். மும்பையில் பிறந்த கல்வியாளர் தாராபாய் மோடக் 1945இல் போர்டி கிராமத்தில் குழந்தைக் கல்வி நிலையத்தைத் தொடங்கினார். அனுதாய் வாக் அவருடன் சேர்ந்துகொண்டார். பின்னர் கோஸ்பாட் மலையில் வார்லிப் பழங்குடிப் பிள்ளைகளுக்காக அவர்கள் வேலை செய்தார்கள். பிள்ளைகள் பள்ளியைத் தேடி வராதபோது பள்ளியை அவர்கள் வீட்டு முற்றத்துக்கே கொண்டுபோய், அங்கே கிடைத்த இலை, விதை, கூழாங்கல், சிப்பி ஆகியவற்றையே பாடப் பொருளாக்கினார்கள். அங்கன்வாடி என்ற எண்ணம் அந்த முற்றத்தில் முளைத்ததுதான். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை 3 முதல் 8 வயது வரையுள்ள பருவத்தை ஒரே அடிப்படைக் கட்டமாக்கியது. அதையொட்டி 2022இல் வந்த கலைத்திட்ட ஆவணம், 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பாடநூலே வேண்டாம் என்கிறது. நடைமுறையில் பிள்ளைகளின் பை எவ்வளவு கனக்கிறது என்பதை யாரும் காலையில் பள்ளி வாசலில் நின்று பார்க்கலாம்.

அடுத்த ஜூனுக்கான சேர்க்கை இங்கே பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடும். பள்ளியைப் பார்க்கப் போகிறவர்கள் ஏசி வகுப்பறையையும் சுவர் ஓவியத்தையும் விட்டுவிட்டு, பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து கையால் செய்யும் வேலைக்கு நாளில் எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். ஒரு ஆசிரியைக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள். பிள்ளை தமிழில் "ஒண்ணுக்கு வருது" என்று சொன்னால் புரிந்துகொள்ள ஓர் ஆயாவாவது இருக்கிறாரா என்றும் கேளுங்கள்.