எண்பதுகளின் விளக்குக் கோட்: கைகள் முடிந்தன, முதுகு பாக்கி

எண்பதுகளின் நடனப் படங்களில் வருவதைப் போன்ற விளக்குக் கோட் ஒன்றைத் தைக்கும் வேலையில், நெடுநாளாக என்னை வாட்டி வந்த, முழங்கையில் ஒயர் அறுந்துபோகும் சிக்கல் தீர்ந்துவிட்டது. சென்ற வார ஒத்திகையில் எங்கள் குழுவில் ஆடுபவர் கையை வீசி, மடக்கி, தலைக்கு மேல் சுழற்றி, தரையில் உருண்டு எழுந்த பிறகும் இரு கைகளிலும் மணிக்கட்டு வரை விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. சமூக மன்றத்தின் ஆண்டிறுதிக் கலை நிகழ்ச்சிக்கு இன்னும் அவகாசம் இருப்பதால், இந்தக் கட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதிவைக்கிறேன்.

கோட்டுக்கான ஆசையைத் தூண்டியது 1981இல் வெளிவந்த ‘யாரானா’ என்ற இந்திப் படம். கல்கத்தாவின் நேதாஜி உள்ளரங்கில் படமாக்கப்பட்ட பாடல் காட்சியில் அமிதாப் பச்சன் உடம்பெங்கும் பல்புகள் மின்ன ஆடுவார். அந்த உடையில் பேட்டரி கிடையாது என்றும், ஒயரை நேரடியாக மின்சாரத்தில் இணைத்திருந்ததால் ஷாக் அடித்தது என்றும் அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அடுத்த ஆண்டே மிதுன் சக்கரவர்த்தியின் ‘டிஸ்கோ டான்சர்’ வந்தது. 1985இல் அதைத் தழுவி ஆனந்த் பாபு நடித்த ‘பாடும் வானம்பாடி’ தமிழில் வந்தது. இந்தப் படங்களின் ஜிகினாவையும் புகையையும் மிகை என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஆடுபவரின் தோளும் இடுப்பும் தெரிய வேண்டும் என்ற அக்கறையே அந்த மினுமினுப்புக்குக் காரணம் என்று நான் நம்புகிறேன். இன்றைய மேடைகளில் ஒளியெல்லாம் பின்னால் நிற்கும் திரையில் இருக்கிறது. அன்று ஆடுபவரே ஒளியைச் சுமந்துகொண்டு ஆடினார். ஹாலிவுட்டிலும் அதே முனைப்புதான். 1983இல் வந்த ‘ஃபிளாஷ்டான்ஸ்’ படத்தின் இறுதி நடனத்தில் நாயகி ஜெனிஃபர் பீல்ஸுக்காகப் பெரும்பகுதியை ஆடியவர் மரீன் ஜஹான்; பாய்ச்சலுக்கு ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனையும், முதுகில் சுழல்வதற்கு கிரேஸி லெக்ஸ் என்ற பிரேக் டான்ஸ் கலைஞரும் வந்தார்கள். ஒரே ஒரு நடனத்தைத் திரையில் நிறுத்த இத்தனை உடல்கள் உழைத்திருக்கின்றன.

இனி முழங்கைக்கு வருகிறேன். நான் பயன்படுத்துவது பழைய குமிழ் பல்பைப் போலவே தோற்றம் தரும் 12 மில்லிமீட்டர் புல்லட் பிக்சல்கள், அதாவது ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்தக்கூடிய சிறு எல்இடி விளக்குகள். இவற்றில் எப்படி எரிய வேண்டும் என்ற தகவல் ஒரு விளக்கிலிருந்து அடுத்த விளக்குக்குச் சங்கிலியாகக் கைமாறுவதால், முழங்கையில் ஓர் இழை அறுந்தாலும் அதற்குக் கீழே மணிக்கட்டு வரை இருண்டுவிடும். இரட்டைத் தகவல் வழி கொண்ட டபிள்யூஎஸ்2813 வகைப் பிக்சலைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். ஒரு பிக்சல் செத்துப்போனால் அது காப்பாற்றும், ஆனால் ஒயரே அறுந்தால் அதனாலும் பயனில்லை.

அறுபடும் இடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. சால்டர் வைத்த இடத்தில், அதாவது ஈயத்தை உருக்கி ஒட்டிய இடத்தில், ஒயர் அறுவதே இல்லை. உருகிய ஈயம் இழைகளுக்குள் ஏறி உறைந்து, இன்ஷுலேஷனுக்குள் சிறிது தூரம் வரை ஒயரைக் கம்பிபோல் விறைப்பாக்கிவிடுகிறது. அந்த விறைப்பு முடிந்து நெகிழ்வு தொடங்கும் எல்லையில்தான் இழைகள் ஒவ்வொன்றாக ஒடிகின்றன. சூடேற்றினால் சுருங்கி ஒயரை இறுகப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டால் அந்த எல்லை கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஆகவே முழங்கையின் மடிப்பு எல்லைக்குள் எந்த இணைப்பும் இருக்கக்கூடாது என்று முடிவு செய்து, மேற்கையின் நடுவிலிருந்து முன்கையின் நடுப்பகுதி வரை இணைப்பில்லாத ஒரே ஒயராக இழுத்தேன். சாதாரண பிவிசி ஒயரை விட்டுவிட்டு, மயிரிழைபோன்ற 60 செப்பு இழைகள் கொண்ட 22 கேஜ் சிலிகான் ஒயரைப் போட்டேன். இரு முனைகளிலும் ஒயரைத் துணியோடு சேர்த்துத் தைத்துவிட்டதால், இழுவிசை முழுவதையும் துணியே தாங்குகிறது, சால்டர் இணைப்புக்கு வேலையே இல்லை.

ஆனாலும் ஒயர் போகும் தடம்தான் உண்மையான தீர்வாக அமைந்தது. முழங்கையின் பின்புறமாகக் கொண்டுபோனால் கை மடங்கும்போது ஒயர் இழுபடுகிறது. உட்புறமாகக் கொண்டுபோனால் நசுங்கி மடிகிறது. கை எந்த அச்சில் மடங்குகிறதோ அந்த அச்சைத் தொட்டபடி, பக்கவாட்டில் கொண்டுபோனால் நீளம் ஏறக்குறைய மாறுவதே இல்லை. இங்கே சிங்கப்பூரில், தேக்கா நிலையத்தின் மாடியில் எனக்குத் தைத்துத் தரும் அக்காவிடம் இதைச் சொன்னபோது, அவர் கையிலிருந்த சாக்கட்டியால் என் சட்டைக் கையிலேயே அந்தத் தடத்தை வரைந்து காட்டினார். “கோட்டுக் கையை ரெண்டு துண்டா வெட்டித் தைக்கிறேன் தம்பி, அந்தத் தையலுக்குள்ளேயே ஒயரை விட்டுக்கலாம். உள்துணியைப் பட்டன் வச்சுத் தரேன், பழுது பாக்கணும்னா கழட்டிக்கோ” என்றார். இந்த ஊரின் புழுக்கத்தில் ஆடுபவரின் வியர்வை செப்பை அரிப்பதற்கும் அந்தக் கழற்றக்கூடிய உள்துணியே பாதி மருந்தாக அமைந்துவிட்டது.

விளக்கு எரியும் விதத்திலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பழைய பல்பின் இழை சூடேறவும் ஆறவும் சிறிது நேரம் பிடிக்கும். அதனால் ஒன்று மங்கி முடிவதற்குள் அடுத்தது எரியத் தொடங்கி, ஓடும் விளக்குகள் வழுக்கிக்கொண்டு போவதைப் போல இருக்கும். எல்இடியோ சட்டென்று எரிந்து சட்டென்று அணைகிறது. அப்படியே விட்டால் கோட் கடைவாசல் விளம்பரப் பலகையைப் போலாகிவிடுகிறது. எனவே ஏறும் வேகத்தைவிட இறங்கும் வேகத்தைக் குறைத்து, மங்கும்போது பச்சையை முன்னதாகவே குறைத்து நிறம் சிவப்புக்குச் சாயும்படி நிரல் எழுதினேன். நீலம் ஏறக்குறைய இல்லவே இல்லை. முழு வெள்ளையில் ஒரு பிக்சல் 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும் என்பதால், இந்த மஞ்சள் ஒளி, கோட்டுக்கு மின்சாரம் தரும் பவர் பேங்கின் சுமையையும் பெரிதும் குறைத்துவிட்டது. பாட்டின் மெதுவான பகுதியில் மின்னோட்டம் மிகவும் குறைந்தால் சில பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும். அதற்காக இடுப்புப் பட்டைக்குள் சில பிக்சல்களை எப்போதும் எரியவிட்டிருக்கிறேன்.

பொருள் வாங்குபவர்களுக்கு ஒரு குறிப்பு. சிலிகான் ஒயர், கனெக்டர் போன்றவற்றை ஜாலான் புசாரிலுள்ள சிம் லிம் டவரில் கையால் தொட்டுப் பார்த்து வாங்குவதே நல்லது. ஒயரை விரலில் சுற்றிப் பார்த்தால் அதன் தரம் உடனே தெரிந்துவிடும். இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கிய பிக்சல் சரத்தில் இணைப்புகள் பாதி ஈயமே படாமல் வந்து சேர்ந்தன, நான் அனுப்பிய புகாருக்குப் பதிலும் இல்லை. கோட்டுக்கான வெள்ளி ஜிகினாத் துணியை அரபு ஸ்திரீட்டில் எடுத்தேன். பளபளப்பு மேலாகப் பூசப்பட்ட துணி வேண்டாம், மடிப்பில் உதிர்ந்துவிடும்; நெய்யும்போதே வெள்ளி இழை ஓடும் துணியாகக் கேளுங்கள்.

கோட் முடிவதற்குள்ளேயே மனம் அடுத்த வேலைக்குத் தாவிவிட்டது. 1984இல் வந்த ‘பிரேக்கின் 2’ படத்தில் ஒருவர் சுவரிலும் கூரையிலும் ஆடுவார். கேமராவையும் அறையோடு சேர்த்துச் சுழற்றும் அந்த உத்தியை 1951இலேயே ஹாலிவுட் நடன நடிகர் ஃப்ரெட் அஸ்டேர் ‘ராயல் வெடிங்’ படத்தில் கையாண்டிருக்கிறார். அட்டையில் ஒரு சிறிய அறை செய்து, கைபேசியை அதனுள் பொருத்தி, விரலளவு பொம்மையை ஒவ்வோர் அசைவாக நகர்த்திப் படமெடுக்கலாம் என்று அளவுகளைக் குறித்து வைத்திருக்கிறேன். அறையைத் தாங்கிச் சுழற்ற, சாப்பாட்டு மேசையில் வைக்கும் சுழல்தட்டின் பேரிங் போதும் என்று தோன்றுகிறது.

அதற்கு முன் முதுகு முடிய வேண்டும். ஆடுபவர் தரையில் முதுகால் சுழலும் இடத்தில் குமிழ்கள் உறுத்தாமலும் நசுங்காமலும் இருக்க வேண்டும் என்பதால், தோள்பட்டைக்குக் கீழே புல்லட் பிக்சலை நிறுத்திவிட்டு, நடுமுதுகில் தட்டையான எல்இடி பட்டையை மெல்லிய ஸ்பாஞ்சுக்குள் புதைத்துப் பார்க்கப் போகிறேன். ஸ்பாஞ்ச் வழியாக வரும் ஒளி கைகளிலுள்ள குமிழ்களின் ஒளியோடு ஒத்துப்போகுமா என்பதை அடுத்த ஒத்திகையில் மன்ற மேடையின் விளக்குகளை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். தட்டைப் பட்டையைக் குமிழ்போல் காட்ட நல்ல வழி அறிந்தவர்கள் எழுதினால், துணியை வெட்டுவதற்கு முன்பே செய்து பார்த்துவிடுவேன்.