ஜானின் வரிகளை மூடிவிட்டு ஷெர்லாக் படித்தால்

துப்பறிகிறவர் பேசுவதைத்தான் எல்லாரும் கவனிப்பார்கள். அவரோடு கூடவே இருக்கிறவரின் வரிகளை மட்டும் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? கொஞ்ச நாளாக நானும் என் நாத்தனாரும் இதைத்தான் செய்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். சென்னையில் நடக்கிற ஒரு துப்பறியும் கதையை ஒலி நாடகமாகச் செய்ய வேண்டும், துப்பறிகிறவர்கள் இரண்டு பேராக இருக்க வேண்டும், இருவருமே பெண்களாக இருக்க வேண்டும். இவ்வளவுதான் முதலில் கையில் இருந்தது. எழுத உட்காரும் முன், ஏற்கெனவே நன்றாக ஓடிய ஒரு ஜோடியைப் பிரித்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

எடுத்துக்கொண்டது, ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை இன்றைய லண்டனுக்குக் கொண்டுவந்த பிபிசியின் ‘ஷெர்லாக்’ தொலைக்காட்சித் தொடர். ஸ்டீவன் மொஃபாட்டும் மார்க் கேட்டிஸும் உருவாக்கி 2010 ஜூலையில் தொடங்கியது. பெனடிக்ட் கம்பர்பாட்ச் ஷெர்லாக்காகவும் மார்ட்டின் ஃப்ரீமன் ஜான் வாட்சனாகவும் நடித்தார்கள். 2017 வரை வந்தும் மொத்தமே 13 பகுதிகள்தான், அதனால் தைரியமாக இறங்கலாம். முறை ரொம்ப எளிது. வசனங்களைத் தமிழில் நோட்டில் எழுதிக்கொள்வோம், இடது பக்கம் ஷெர்லாக், வலது பக்கம் ஜான். அப்புறம் வலது பக்கத்தைப் பழைய காலண்டர் அட்டையால் மூடிவிட்டு ஒருவர் வாசிக்க, மற்றவர் கேட்பது.

முதல் பகுதியில் வரும் டாக்ஸி காட்சியில் ஆரம்பித்தோம். இருவரும் சந்தித்து ஒரு நாள்தான் ஆகிறது. ஜானின் கைப்பேசியை வைத்து ஷெர்லாக் அவர் குடும்பக் கதையையே சொல்கிறார். வாடகையைப் பங்கு போட ஆள் தேடுகிறவர் இவ்வளவு விலை உள்ள போனை வாங்கியிருக்க மாட்டார், ஆகவே யாரோ கொடுத்தது. உடம்பெல்லாம் கீறல், சாவியோடும் சில்லறையோடும் ஒரே பையில் கிடந்திருக்கிறது, ஆகவே முன்னால் வேறொருவர் வைத்திருந்தார். பின்புறம் பொறித்திருப்பது ஹாரி வாட்சன் என்ற பெயர், ஆகவே அண்ணன். அவருக்குக் கொடுத்தவர் கிளாரா, ஆகவே மனைவி. புது மாதிரி போனை அதற்குள் தூக்கிக் கொடுத்துவிட்டதால் மணவாழ்க்கை சரியில்லை. சார்ஜ் போடும் துளையைச் சுற்றிச் சின்னச் சின்னக் கீறல்கள், ஆகவே கை நடுங்கும் குடிகாரர்.

ஜானை மூடிவிட்டு நாத்தனார் இதை வாசித்தார். பாதியிலேயே எனக்கு அடுப்பில் பாலை வைத்தது ஞாபகம் வந்துவிட்டது. புத்திசாலித்தனம் அத்தனையும் அப்படியே இருக்கிறது, ஆனால் ஆள் சகிக்கவில்லை. அட்டையை எடுத்ததும் கதையே வேறு. ஜான் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. பிரமாதம் என்கிறார், அவ்வளவுதான். உடனே ஷெர்லாக் தடுமாறி, ‘நிஜமாகவா சொல்கிறீர்கள்?’ என்பதுபோல் கேட்கிறார். அந்தக் காட்சியில் பதில் தெரியாமல் அவர் கேட்கிற கேள்வி அதுதான். வழக்கமாக ஜனங்கள் வேறு மாதிரி சொல்வார்கள் என்கிறார். என்ன சொல்வார்கள் என்று ஜான் கேட்க, ‘போய்த் தொலை’ என்கிற ரகத்தில் ஒரு பதில் வருகிறது. டாக்ஸியை விட்டு இறங்கியபின்தான் ஜான் மெதுவாகச் சொல்கிறார், ஹாரி என்பது ஹாரியட், தன் அக்கா என்று. ஷெர்லாக் நொந்துகொள்கிறார். மற்றதெல்லாம் சரி, அண்ணன் மட்டும் தப்பு.

(அக்காவா தங்கையா என்று தொடரில் சொல்வதில்லை. தமிழில் எழுதும்போது ஏதாவது ஒன்றை வைத்துத்தானே ஆக வேண்டும். நாங்கள் அக்கா என்று வைத்துக்கொண்டோம்.)

இந்தக் காட்சியின் வேர் 1890இல் வந்த ‘தி சைன் ஆஃப் ஃபோர்’ என்ற மூல ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில் இருக்கிறது. அங்கே போனுக்குப் பதில் கடிகாரம், சாவி கொடுக்கும் துளையைச் சுற்றிக் கீறல்கள். ஆனால் அந்த வாட்சன் உடனே பாராட்டுவதில்லை. செத்துப்போன அண்ணனைப் பற்றி எங்கேயோ விசாரித்து வைத்துக்கொண்டு வித்தை காட்டுகிறாய் என்று கோபித்துக்கொள்கிறார். நாவலில் நண்பர் புண்படுகிறார், தொடரில் நண்பர் கைதட்டுகிறார். கைதட்டியவர் கையிலேயே தப்பைக் கண்டுபிடிக்கிற வேலையையும் கொடுத்ததுதான் எழுதியவர்களின் சாமர்த்தியம் என்று எனக்குப் படுகிறது.

அந்தச் சார்ஜ் துளை விஷயத்தில் மட்டும் எனக்குச் சந்தேகம். ரிச்சி தெருவில் ஒரு போன் ரிப்பேர் கடையில் கேட்டே விட்டேன். அந்தத் தம்பி விளக்கு வைத்த பூதக்கண்ணாடிக்குக் கீழே என் போனை வைத்து, ஊசியால் துளையிலிருந்து ஓர் உருண்டைப் பஞ்சை எடுத்து மேஜைமேல் வைத்தார். நீல நிறம். “கைப்பைக்குள்ள துணிப் பையில வச்சிருக்கீங்கக்கா” என்றார். உண்மைதான். அப்புறம் துளையின் ஓரத்தைக் காட்டி, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது, படுத்துக்கொண்டே சார்ஜ் போட்டுப் பார்க்கிறீர்கள், ஒயர் எப்போதும் ஒரே பக்கம் வளைகிறது என்றார். குடிகாரர் கை? “நடுங்குற கையும் கீறும், இருட்டுல போடுற கையும் கீறும். எதுன்னு எப்படிக்கா சொல்றது?” ஷெர்லாக் குடியிருக்கும் பேக்கர் தெருவில் அவரையே வைத்திருக்கலாம்.

முதல் பகுதியை முழுக்க இப்படிப் படித்து முடித்தபோது எனக்கு ஒரு குறையும் தெரிந்தது. ஜான் ஒரு டாக்டர், ஆப்கானிஸ்தான் போருக்குப் போய்வந்த ராணுவ டாக்டர். பிணத்தருகே ஷெர்லாக் அவரை மண்டியிட வைத்துக் கருத்துக் கேட்கிறார். மூச்சுத் திணறிச் சாவு, வாந்தி அடைத்திருக்கலாம், சாராய வாடை இல்லை என்கிறார் ஜான். அதோடு சரி. அந்த வழக்கு அவர் படிப்பால் நகர்வதில்லை. துப்பாக்கியும் விசுவாசமும்தான் அவருக்கு வாய்க்கின்றன. இத்தனை நல்ல நடிகரை வைத்துக்கொண்டு மருத்துவத்தை இப்படி ஓரங்கட்டியது எனக்கு வருத்தம்தான். நாத்தனாருக்கு இதில் சம்மதம் இல்லை. “அவர் வேலை ஷெர்லாக்கை மனுஷனாக்கறது அண்ணி, அதுவே ஃபுல் டைம் ஜாப்” என்கிறார்.

எங்கள் ஜோடி இந்த வாக்குவாதத்தில்தான் பிறந்தது. ஒருத்தி மின் கணக்கெடுக்க வரும் பெண், முப்பது வயது. இன்னொருத்தி அதே தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற நர்ஸ். வீடுதோறும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை உரிமையோடு காம்பவுண்டுக்குள் நுழைந்து, அந்த வீடு எப்படி வாழ்கிறது என்று ஒரு எண்ணில் பார்த்துவிட்டுப் போகிறவர் ரீடிங் எடுக்கிறவர்தானே. வாட்சனின் கடிகாரம் போனாக மாறியது மாதிரி, எங்களுக்கு அது வெள்ளை ஈபி கார்டு. இருவரும் கூப்பிட்டுக்கொள்வதில் பிரச்சினையே வரவில்லை. இவள் ‘சிஸ்டர்’ என்பாள், அவர் ‘ஏம்மா’ என்பார்.

முதலில் எழுதியதில் கணக்கெடுக்கும் பெண் மூச்சுவிடாமல் பேசுவாள், நர்ஸ் ‘அப்படியா’ என்பார். அட்டையால் மூடினால் எந்த வித்தியாசமும் இல்லை. அதாவது நர்ஸே தேவையில்லை. இப்போது அந்த இடம் இப்படி இருக்கிறது:

“சிஸ்டர், கோடி வீட்டுத் தாத்தா தனியாத்தானே இருக்கார்? எப்பவும் நூறு யூனிட்டுக்குள்ள, பில்லே வராது. இந்தத் தடவை அறுநூறு.”

“வெயில் காலம். ஏசி போட்டிருப்பார்.”

“ஏசியே கிடையாது, வெளியில பெட்டி இல்லையே. ராத்திரி பகல்னு இல்லாம ஏதோ ஓடுது. பையன் வந்து தங்கியிருக்கான், கம்ப்யூட்டர் வச்சு என்னமோ பண்றான்.”

“கதவுகிட்ட நின்னப்போ சத்தம் கேட்டுச்சா?”

“மோட்டார் மாதிரி. நடுவுல நடுவுல புஸ்ஸுன்னு.”

“ஏம்மா, அது ஆக்ஸிஜன் மெஷின்.”

கணக்கு சரியாக வருகிறதா என்றும் போட்டுப் பார்த்தோம். காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரிக்கும் ஐந்து லிட்டர் இயந்திரம் சுமார் 350 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், இடைவிடாமல் ஓடினால் நாளைக்கு எட்டு யூனிட்டுக்கு மேல், இரண்டு மாதத்தில் 500 யூனிட். பழைய நூறோடு கூட்டினால் அறுநூறு. எண்ணைப் பார்த்தவள் ஒருத்தி, அந்த எண்ணுக்கு உடம்பு எது என்று தெரிந்தவர் இன்னொருவர். தாத்தா மறைத்து வைத்துப் பார்த்துக்கொள்ளும் நோயாளி யார் என்பதுதான் மீதிக் கதை, அதை இங்கே உடைக்கப் போவதில்லை.

முடிவுக் காட்சிதான் நாளைத் தின்றது. இதற்கும் ‘ஷெர்லாக்’ முதல் பகுதியின் கடைசிக்கே போனோம். கொலைகார டாக்ஸி ஓட்டுநரை எதிர்க் கட்டடத்திலிருந்து யாரோ சுட்டுவிட்டார்கள். ஆரஞ்சுக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஷெர்லாக், சுட்டவர் எப்படிப்பட்டவர் என்று போலீஸ் அதிகாரி லெஸ்ட்ரேடிடம் அடுக்க ஆரம்பிக்கிறார். குறி தப்பாதவர், கை நடுங்காதவர், ராணுவத்தில் இருந்தவர். பேசிக்கொண்டே நிமிர்ந்தால் சற்றுத் தள்ளி ஜான் நிற்கிறார். ஷெர்லாக்குக்குப் புரிந்துவிடுகிறது. நான் சொன்னதை எல்லாம் விட்டுவிடுங்கள், அதிர்ச்சியில் உளறுகிறேன் என்று கழற்றிக்கொள்கிறார். டாக்ஸியில் வாயை மூடத் தெரியாதவர் இங்கே தானாக மூடுகிறார். இருவரும் ஜோடியாவது இந்த இடத்தில்தான். பின்னால் 2014இல் வந்த மூன்றாவது வரிசையில் நட்பைப் பற்றி இருவரும் நிறையப் பேசுகிறார்கள், கல்யாண மேடையில் பிரசங்கமே உண்டு. எனக்கு இந்தக் கம்பளிக் காட்சி போதும்.

ஆனால் எங்களுடையது ஒலி மட்டும். ஜான் நிற்பதை எதை வைத்துக் காட்டுவது? எங்கள் கதையில் கணக்கெடுக்கும் பெண் கடைசியில் நர்ஸ் வீட்டுக்கே ரீடிங் எடுக்க வருகிறாள். கார்டில் பழைய எண்களைச் சத்தமாகப் படிக்கிறாள். போன வருஷம் முழுக்க அறுநூறு, அறுநூற்றிருபது. நர்ஸின் கணவர் படுக்கையில் இருந்த காலம். இந்த வருஷம் தொண்ணூறு. அந்த இயந்திரம் எந்த வீட்டிலிருந்து கோடி வீட்டுக்குப் போனது, நர்ஸுக்கு எப்படி அவ்வளவு சீக்கிரம் பிடிபட்டது என்று அவளுக்கு விளங்கிவிடுகிறது. படிப்பதை நிறுத்திவிட்டு, “கார்டு நனைஞ்சிருக்கு சிஸ்டர், அப்புறம் எழுதித் தரேன்” என்கிறாள்.

பதிவைப் போட்டுக் காட்டினால், அந்த இடைவெளியில் என் மாமியார், “போன் நின்னுபோச்சா?” என்றார். சத்தமே இல்லாத நொடி காதுக்கு மௌனமாகக் கேட்கவில்லை, பழுதாகத்தான் கேட்கிறது. அதனால் அறையின் சத்தத்தைத் தனியாக ஒரு நிமிஷம் பதிவு செய்து அடியில் ஓடவிட்டோம். மேலே நர்ஸ் டம்ளரில் காபி ஆற்றுகிற சத்தம். ஆற்றுவது நிற்கவில்லை, படிப்பது மட்டும் நிற்கிறது. இந்தத் தடவை மாமியார், “ஐயோ, தெரிஞ்சுபோச்சா அவளுக்கு?” என்று கேட்டார்.

ஆக்ஸிஜன் இயந்திரம் எங்கள் வீட்டு மீன் தொட்டியின் காற்று மோட்டார்தான். பிளாஸ்டிக் பேசினைக் கவிழ்த்து உள்ளே வைத்தால் ஓரளவு ஏமாற்றிவிடுகிறது, புஸ் என்பது நாத்தனாரின் வாய். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதன் முன்னால் பேசினால் எதிரொலி குறைகிறது. மின்விசிறியை நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்பதால் மே மாதத்தில் பதிவு ராத்திரி பத்தரைக்குமேல். தண்ணீர் லாரி வந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆடாசிட்டி என்கிற ஒலித் தொகுப்பு மென்பொருளில் இரைச்சலைக் குறைக்கலாம், ரொம்பக் குறைத்தால் குரல் குழாய்க்குள் இருந்து வருகிற மாதிரி ஆகிவிடுகிறது.

முதல் பகுதி ஏறக்குறைய முடிந்தது. இரண்டாவதில், கார்டில் பார்த்ததை அந்தப் பெண் நர்ஸிடம் சொல்ல வேண்டுமா என்பதில் நாங்கள் இருவரும் இன்னும் ஒத்துப்போகவில்லை. சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கேட்கிறவர்களுக்கு எரிச்சல் வரும் என்பது நாத்தனார் கட்சி. நர்ஸுக்கு அவள் கண்டுபிடித்தது அன்றைக்கே தெரிந்துவிட்டது, கார்டு நனையவில்லை என்று அவருக்குத் தெரியாதா என்பது என் கட்சி. இரண்டு விதமாகவும் எழுதி, அட்டையை வைத்து மூடிப் பார்த்துவிட்டு முடிவு செய்வதாகப் பேச்சு.