இருட்டில் தேடிய நெருப்புப்பெட்டி

நான் பிறந்து வளர்ந்தது வாழைச்சேனையில். 2016இல் களுவாஞ்சிகுடியில் கலியாணம் முடித்து, ஒரு பையோடு மனைவி வீட்டுக்கு வந்தேன். மட்டக்களப்புப் பக்கம் அதுதான் வழக்கம். வீடு மகளுக்கு, மாப்பிள்ளைதான் இடம் மாறி வர வேண்டும். பிள்ளைகளும் தாயின் குடியைத்தான், அதாவது தாய்வழிக் குலத்தைத்தான் சேருவார்கள். சொத்தைத் தாய்வழியில் கொடுத்த பழைய முக்குவர் சட்டம் வழக்கொழிந்து நூறு வருடத்துக்கு மேலாகிறது, சீதன வீடு மட்டும் இன்னும் போகவில்லை.

"அங்க உள்ளவங்கட பழக்கத்துக்கு நீதான் அனுசரிச்சுப் போகணும் மனே" என்று அம்மா சொல்லித்தான் அனுப்பினார். சரி, போனேன். புளியாணத்தில் உறைப்பு கூட. விடியற்காலையிலேயே முற்றம் கூட்டும் சத்தம். வேலைக்கு பஸ்ஸில் கல்லடிப் பாலம் தாண்டி ஒரு மணி நேரம். எல்லாம் பழகியது. சொந்தக்காரர்கள் வந்தால் "நல்ல பொறுமையான மருமகன்" என்பார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

வீட்டை மகள் பேருக்கு எழுதிய கையோடு மாமாவும் மாமியும் பின்வளவில் ஒற்றை அறைக்குப் போய்விட்டார்கள். அதன் பிறகு மாமி முன்வாசலால் வந்ததே இல்லை. பின்கதவடியில் நின்று மகளைக் கூப்பிட்டு, அவள் குரல் கேட்ட பிறகே உள்ளே கால் வைப்பார். நான் அதைக் கவனிக்கவே இல்லை.

மூத்தவள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒருநாள் இரவு கரண்ட் போய், அவள் வீறிட்டு அழுதாள். சத்தம் கேட்டு மாமி வந்து, வெந்நீர் வைக்கக் குசினிக்குள் போனார். நான் போன் வெளிச்சத்தோடு பின்னால் போனேன். அவர் கை நேரே யன்னலோரத் தட்டுக்குப் போனது. அங்கே எங்கள் கிரைண்டர். கை அதில் முட்டி, அப்படியே நின்றது. விரல்கள் ஒருதரம் மூடித் திறந்தன.

"நெருப்புப்பெட்டிய எங்க மகன் வச்சிருக்கீங்க?"

முப்பது வருடம் அவர் சமைத்த குசினி. வந்து இரண்டு வருடமான என்னிடம் கேட்டார்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. நான் விட்டுக்கொடுத்தது உறைப்பிலும் நித்திரையிலும். அவர் விட்டுக்கொடுத்ததை ஊரில் யாரும் பேசுவதே இல்லை, தாய் என்றால் அது கணக்கில் வராது போல. எனக்கு அது சரியாகப் படவில்லை.

காலையில் மனைவியிடம் சொன்னேன். ஒன்றும் பேசாமல் கிரைண்டரைத் தூக்கி மேசையில் வைத்தாள். அடுப்புப் பற்றவைக்க நாங்கள் லைட்டர்தான் பாவிக்கிறோம். ஆனாலும் அந்தத் தட்டில் ஒரு நெருப்புப்பெட்டி எப்போதும் இருக்கும். தீர்ந்தால் நானே வாங்கி வைத்துவிடுவேன்.